அய்யூர் காட்டிலிருந்து பெங்களூரு வரை... ஒரு நாள் பயணம்

விடியற்காலை ஐந்தரை மணி. அய்யூர் வனத்துறை விடுதியில் பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. "கொஞ்சம் பொறுங்க சார். சாமி ஏரிப் பக்கம் கிளை முறியுற சத்தம் கேக்குது. அதுங்க நகரட்டும்" என்றார் காவலர்.

'அதுங்க' என்றால் யானைகள். அரை மணி நேரம் காத்திருந்தோம். பெங்களூருக்குப் போக வேண்டிய என் அவசரம் யானைகளுக்குத் தெரியுமா என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டையை அடுத்த மலைப்பகுதியில் இருக்கிறது அய்யூர். மூங்கில், உசில், சந்தனம் என்று கலந்து நிற்கும் இலையுதிர் காடு. இந்த மலைத்தொடர் தெற்கே காவிரிக்கரை வரை இறங்குகிறது. இங்குள்ள காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் பரப்பை 2014-ல் 'காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம்' என்று அரசு அறிவித்தது. 2022-ல் 686 சதுர கிலோமீட்டரில் 'காவிரி தெற்கு' சரணாலயமும் வந்தது. கர்நாடகாவின் பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் வருவது இந்தக் காடுகளுக்குத்தான்.

அவை வரும் காலத்தைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை. நம் வயலில் ராகி கதிர் பிடிக்கும் நேரம்!

பரண் மேல் ஒரு பெரியவர்

தேன்கனிக்கோட்டைக்கு இறங்கும் வழியில், ரோட்டோரமாக ஒரு ராகி வயல். நடுநடுவே துவரையும் அவரையும் போட்டிருந்தார்கள். பரணிலிருந்து அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். இரவெல்லாம் கண் விழித்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வண்டியை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தேன்.

"நேத்து வரலை சாமி. முந்தாநேத்து மூணு வந்துச்சு. தின்னது கொஞ்சம்தான், மிதிச்சதுதான் ஜாஸ்தி" என்றார்.

அவருக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி. மகன்கள் இரண்டு பேரும் ஓசூரில் கம்பெனி வேலை. நிலத்தைக் கேட்டு புரோக்கர்கள் வருகிறார்களாம். "வித்தா பணம் வரும், இல்லேங்கலை. பசங்க கான்ட்ராக்ட்லதான் இருக்கிறாங்க. நாளைக்கே வேலை இல்லேன்னு சொல்லிட்டா எங்க வருவாங்க? இங்கதானே வரணும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2025-26 பருவத்துக்கு ராகிக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். விலை முன்னைவிடப் பரவாயில்லைதான். ஆனால், மூன்று மாதம் பரணில் விழித்திருக்கும் கூலியை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

ஓசூர் தாண்டி ஒரு நுரை

தேன்கனிக்கோட்டையில் பஸ் ஏறினேன். கொத்தமல்லிக் கட்டுகளும் பீன்ஸ் மூட்டைகளும் எங்களோடு பயணம் செய்தன. மத்திகிரியில், வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவக் குதிரைகள் வளர்த்த பெரிய கால்நடைப் பண்ணையைத் தாண்டியதும் கட்டடங்கள் நெருங்க ஆரம்பித்துவிட்டன. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது 1970-களில். லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று கம்பெனிகள் அடுத்தடுத்து வந்தன. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததிலிருந்து, டீக்கடைப் பேச்சே நிலத்தின் விலையைப் பற்றித்தான்.

ஓசூரிலிருந்து ஆட்டோ பிடித்து, கெலவரப்பள்ளி அணையைப் பார்த்துவிட்டு வந்தேன். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நிற்கும் இடம் இது. மதகிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் வெள்ளை வெளேரென்று நுரை. மழைக்காலத்தில் அதிகத் தண்ணீர் திறக்கும்போது, நுரை பொங்கிக் கரையோரச் சாலையையே மூடிய நாட்கள் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச தூரத்தில் இந்தத் தண்ணீர் பாயும் வயலில் ஒரு அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தார். "வேற தண்ணி எங்கப்பா இருக்குது?" என்றார், நிமிராமலே.

குழாயில் வந்த காவிரி

அத்திப்பள்ளியில் எல்லை தாண்டி பொம்மசந்திராவில் இறங்கினேன். அங்கிருந்து 2025 ஆகஸ்டில் தொடங்கிய மஞ்சள் வழித்தட மெட்ரோ. காலையில் யானைக்காக அரை மணி நேரம் நின்றவன், ஏசி பெட்டியில் சில்க் போர்டு வந்து சேர்ந்தேன். அகரா பக்கம் என் அக்கா மகன் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். போனதும் கை கால் கழுவக் குழாயைத் திறந்தேன்.

"காவிரித் தண்ணி மாமா, தாராளமா குடிக்கலாம்" என்றான்.

காலையில் நான் விட்டுவந்த மலைக்கு அடியில் ஓடும் அதே காவிரிதான். நாம் பார்ப்பதற்கு முன்பே, கர்நாடகாவில் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் மோட்டார் வைத்து ஏற்றி இந்த ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தில் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர்.

கழுவிய தண்ணீர் சாக்கடையில் இறங்கியது. அது எங்கே போகும் என்று யோசித்தேன். இந்தப் பக்கத்துக் கழிவுநீர் இறங்கும் பள்ளம் பெல்லந்தூர் ஏரி, அடுத்து வர்த்தூர் ஏரி, அடுத்து தென்பெண்ணை. சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும், சுத்தமாகாத தண்ணீரும் சேர்ந்தே ஆற்றில் இறங்குகிறது. அதன்பிறகு கெலவரப்பள்ளி. அந்த அம்மாவின் வயல்.

நம் ஊர்க் கொத்தமல்லியும் பீன்ஸும் நம் பிள்ளைகளும் பெங்களூருக்குப் போகிறார்கள். பெங்களூரிலிருந்து நமக்கு வருவதில் சம்பளமும் உண்டு, நுரையும் உண்டு. சம்பளத்தை எண்ணிப் பார்க்கிற நாம், நுரையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதைக் கேட்க நிலம் வைத்திருப்பவர்கள் இருந்தால்தான் முடியும். பரண் மேல் இருந்த பெரியவர் சொன்னதற்கு, அக்கா மகன் அறையில் படுத்திருந்தபோதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது.

பயணம் போகிறவர்களுக்கும், கரையோர விவசாயிகளுக்கும்...

* அய்யூர் போக விரும்புகிறவர்கள் ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். இருட்டிய பிறகும், விடிவதற்கு முன்பும் அந்தச் சாலையில் டூவீலரில் போகாதீர்கள்.

* யானையால் பயிர் சேதமானால், வயலைச் சுத்தம் செய்வதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். உடனே வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள்.

* தென்பெண்ணைத் தண்ணீரைப் பாய்ச்சுகிறவர்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனை செய்யுங்கள். எந்தப் பயிர் தாங்கும் என்பதற்கு, பையூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். கீரை போலப் பச்சையாகப் புழங்குகிற பயிர்களை இந்தத் தண்ணீரில் தவிர்ப்பது நல்லது.