நடந்து காணும் தில்லி

ஒரு நகரத்தில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அதனைக் காணாதிருத்தல் இயலும். தில்லியில் வாழும் தமிழர்களுள் பலருடைய நிலை இதுவே. அலுவலகத்திற்குச் செல்லும் வழி நமக்குத் தெரியும். பிள்ளைகளின் பள்ளி தெரியும். மலை மந்திர் தெரியும். கரோல் பாகில் காப்பிப்பொடியும் அப்பளமும் கிடைக்கும் கடை தெரியும். ஊரிலிருந்து உறவினர் வந்தால் வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு குதுப்மினார், செங்கோட்டை, இந்தியா கேட், பிர்லா மந்திர் ஆகிய நான்கையும் ஒரே பகலில் காட்டி அனுப்பிவிடுகின்றோம். வந்தவர்கள் தில்லியைப் பார்த்துவிட்டதாக மகிழ்ந்து செல்கின்றனர். நமக்கும் ஒரு கடமை தீர்ந்தது.

ஆனால் நம் பிள்ளைகளின் நிலை என்ன? சொந்த ஊர் எது என்று கேட்டால், விடுமுறையில் பத்து நாள் கண்ட கும்பகோணத்தையோ திருநெல்வேலியையோ சொல்கின்றனர். அந்த ஊரைப் பற்றியும் அதிகம் சொல்லத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த தில்லியைப் பற்றியும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு ஊருக்கும் விருந்தாளியாக ஒரு தலைமுறை வளர்வது நல்லதன்று. இக்குறைக்கு எளிய மருந்து ஒன்று உண்டு. அஃது, ஊரறிந்த ஒருவரின் துணையோடு நடந்து பார்ப்பதாகும்.

இலண்டன், பாரிஸ், பிராகா முதலிய ஐரோப்பியத் தலைநகரங்களில் இவ்வழக்கம் வேரூன்றியிருக்கின்றது. அவ்வூரிலேயே வாழும் ஒருவர் முன்னே நடக்க, பத்துப் பதினைந்து பேர் அவரைத் தொடர்ந்து தெருத்தெருவாகச் செல்வர். தில்லியிலும் இத்தகைய நடை உலாக்கள் பல நடைபெறுகின்றன. கலைச் செல்வங்களைக் காக்கும்பொருட்டு 1984-இல் தோன்றிய 'இன்டாக்' நிறுவனத்தின் தில்லிக் கிளை இவற்றை நடத்திவருகின்றது. வரலாறு பயின்ற தனி அறிஞர்களும் நடத்துகின்றனர்.

முதலில் ஷாஜஹானாபாத்துக்குச் செல்வோம். 1639-இல் அடிக்கல் நாட்டி 1648-இல் குடிபுகுந்த பேரரசர் ஷாஜஹானின் நகரம் அது. செங்கோட்டையின் லாகூர் வாயிலிலிருந்து பதேபுரி மசூதி வரை நேராகச் செல்வது சாந்தினி சௌக். அதனை அமைத்தவர் பேரரசரின் மகள் ஜஹானாரா பேகம். அந்நாளில் வீதியின் நடுவே கால்வாய் ஓடியது. வழியில் இருந்த சதுக்கத்தின் குளத்தில் நிலவொளி வீழ்ந்த அழகினால் இப்பெயர் ஏற்பட்டதென்பர். சதுக்கத்தை ஒட்டி அவ்வரசியார் கட்டிய சத்திரம் 1857-இன் கிளர்ச்சிக்குப் பின்னர் இடிக்கப்பட, அவ்விடத்தில் ஆங்கிலேயர் டவுன்ஹாலை எழுப்பினர். காரில் செல்வோருக்கு இவையெல்லாம் நெரிசலின் பெயர்கள் மட்டுமே. 2021-இல் இவ்வீதி புதுப்பிக்கப்பட்டது. பகற்பொழுதில் மோட்டார் வண்டிகளுக்குத் தடையும் விதிக்கப்பட்டது. எனவே நடப்போர்க்கு முன்னினும் வசதி.

ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைந்த இவ்வீதியில் ஜைனர்களின் லால் மந்திரும், அதனுள் பறவைகளுக்கென அமைந்த மருத்துவமனையும், கௌரி சங்கர் கோயிலும், பாப்டிஸ்ட் தேவாலயமும் உள்ளன. சீக்கியரின் ஒன்பதாம் குருவான தேக் பகதூர் 1675-இல் உயிர்த்தியாகம் செய்த இடத்தில் சீஸ் கஞ்ச் குருத்வாரா விளங்குகின்றது. அதன் அருகிலேயே பொற்குவிமாடங்களையுடைய சுனேரி மசூதி. 1739-இல் நாதிர் ஷா அங்கிருந்தபடியே நகர மக்களின் படுகொலையைப் பார்த்திருந்தான் என்பது வழிவழி வந்த செய்தி. சில அடிகளுக்குள் இரண்டு துயரங்கள். அவ்விடத்தில் நல்ல வழிகாட்டி குரலைத் தாழ்த்திக்கொள்வார். உடன் வரும் சிறுவர்களும் தாமே அமைதியாகிவிடுவர்.

பெருவீதியை விட்டுச் சந்துகளில் புகுந்தால்தான் ஊரறிந்தவரின் அருமை புலப்படும். கினாரி பஜார் என்பது சரிகையும் கரையும் விற்கும் சந்து. 'கினாரி' என்றாலே கரை என்பது பொருள். அதனின்று பிரியும் நௌகரா என்னும் முட்டுச் சந்தில், வண்ணம் தீட்டிய வாயில்களோடு பழைய ஜைனக் குடும்பங்களின் வீடுகள் நிற்கின்றன. ஒன்பது வீடுகள் என்பதே அப்பெயரின் பொருள். தனியே செல்பவர் அவ்வாயிலைக் கடந்து போய்விடுவார். பதேபுரி மசூதிக்கு அப்பால் இருப்பது காரி பாவ்லி. உவர்நீர்ப் படிக்கிணறு என்று பொருள்படும். கிணறு மறைந்துவிட்டது, பெயர் மட்டும் நிற்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலமும் மிளகும் அங்கே மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கக் காணலாம். நம்மைப் போலவே அவையும் வடக்கே வந்து சேர்ந்தவை அல்லவா!

வழிகாட்டிகள் சொல்வன அனைத்தும் வரலாறு என்று கொள்ளவேண்டுவதில்லை. ஒரு பெயருக்கு இருவர் இரு காரணம் கூறுவர். கல்வெட்டில் உள்ளது எது, செவிவழிச் செய்தி எது என்று பிரித்துச் சொல்பவரே சிறந்த வழிகாட்டி. பிள்ளைகள் அவ்வினாவைக் கேட்கப் பழகினால் அதுவே ஒரு கல்வி.

தமிழர்க்குத் தனிப் பொருள் தரும் நடை ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மெஹ்ரௌலியில் குதுப்மினாரின் அருகே அலாய் தர்வாசா என்னும் அழகிய வாயில் இருக்கின்றது. செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் இழைத்து அலாவுதீன் கில்ஜி அதனைக் கட்டிய ஆண்டு 1311. அதே ஆண்டில்தான் அவனுடைய படைத்தலைவன் மாலிக் கபூர் மதுரை வரை படையெடுத்துச் சென்றான். அப்படையெடுப்பைப் பாரசீக மொழியில் எழுதிவைத்த கவிஞர் அமீர் குஸ்ரு. அவர் 1325-இல் மறைந்து, நிஜாமுதீனில் தம் குருநாதரின் சமாதி அருகிலேயே துயில்கின்றார். சாந்தினி சௌக்கைச் சமைத்த ஜஹானாராவின் எளிய சமாதியும் அங்கேயே உள்ளது. மதுரைக்கும் இந்நகருக்கும் உள்ள பழந்தொடர்பு இனிமையானதன்று. ஆயினும் நம் வரலாற்றின் ஏடு ஒன்று இங்கே கிடக்கின்றது. அதனைப் பள்ளிப் பாடத்தில் படிப்பது வேறு. அவ்வாயிலின் கீழ் நின்று கேட்பது வேறு. நிஜாமுதீனில், ஆகா கான் அறக்கட்டளை 2007 முதல் மேற்கொண்ட சீரமைப்புப் பணியின் பயனாக, அக்குடியிருப்பின் இளைஞர்களே பயிற்சி பெற்று நடை உலாக்களுக்கு வழிகாட்டிகளாயினர். தாங்கள் ஓடியாடிய சந்துகளின் வரலாற்றைத் தாங்களே எடுத்துரைக்கும் பெருமிதம் அவர்களுக்கு வாய்த்தது.

இதனினும் நெஞ்சைத் தொடுவது பஹாட்கஞ்சில் நடைபெறும் உலா. 1988-இல் வெளிவந்த மீரா நாயரின் 'சலாம் பாம்பே' திரைப்படத்தின் வருவாயைக் கொண்டு தொடங்கப்பெற்றது சலாம் பாலக் அறக்கட்டளை. வீட்டை விட்டு ஓடிவந்து புகைவண்டி நிலையத்திலும் தெருவிலும் உறங்கும் சிறுவர்களுக்கு அது புகலிடம் அளிக்கின்றது. 2006-இல் அது தொடங்கிய நடை உலாவில் அவ்வாறு வளர்ந்த இளைஞர்களே வழிகாட்டிகள். புதுதில்லி நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நம்மை அழைத்துச் சென்று, ஒரு சிறுவன் எங்கே உறங்குவான், எதனைப் பொறுக்கி விற்பான், யாரைக் கண்டு அஞ்சுவான் என்று விளக்குகின்றனர். அங்கே அரண்மனையும் இல்லை, கோபுரமும் இல்லை. ஆனால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக நாம் இறங்கியதும் அதே நிலையத்தில்தான். நம்மை அழைத்துச் செல்ல அண்ணனோ மாமாவோ நடைமேடையில் காத்திருந்தார். அச்சிறுவனுக்கு ஒருவரும் இல்லை. வேற்றுமை அவ்வளவே. இவ்வுலாவுக்குச் செல்வோர் அதனை வேடிக்கையாகக் கருதாது, தெருவில் உள்ள சிறுவர்களைப் படமெடுக்காது, கேட்கச் சென்றவராகவே நடத்தல் வேண்டும்.

இவ்வழிகாட்டிகள் நமக்கு உணர்த்துவது ஒன்று உண்டு. மற்றொருவரை அழைத்துச் சென்று காட்டத் தெரிந்தவனுக்கே ஊர் சொந்தமாகின்றது. அங்ஙனமாயின் தில்லியின் தமிழ்த் தெருக்களைக் காட்டுவார் யார்? கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்குமாக அரசாங்கத்தோடு இடம் பெயர்ந்த தமிழ் எழுத்தர்களின் பேரர்கள் நம்மிடையே இருக்கின்றனர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஏழு நடைபெறுகின்றன. 1946-இல் தோன்றிய தமிழ்ச் சங்கம் இருக்கின்றது. இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிமலைக் கோயில் இருக்கின்றது. இவற்றின் தொடக்கம் அறிந்த பெரியவர்கள் எழுபதும் எண்பதும் கடந்துவிட்டனர். அவர்கள் உள்ளபோதே நம் இளைஞர்கள் உடன் நடந்து கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும்.

ஐப்பசி முதல் மாசி வரை தில்லியில் நடப்பதற்கு ஏற்ற காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகள் திறக்கும் முன்னர்ப் புறப்படுவது நன்று. தேய்ந்த செருப்பு வேண்டாம். தண்ணீர்ப் புட்டி வேண்டும். வழிபாட்டிடங்களில் தலையை மறைக்க ஒரு துணி வேண்டும். ஊரிலிருந்து வரும் பாட்டியார் சற்று மெதுவாக நடப்பாராயின் கவலையில்லை. இச்சந்துகளில் விரைந்து நடக்க எவராலும் இயலாது. அடுத்த முறை உறவினர் வரும்பொழுது வாடகைக் கார் ஒருநாள் ஓய்வெடுக்கட்டும். பிள்ளைகளை முன்னே நடக்கவிட்டு, நாம் பின்னே செல்வோம்.