இரண்டு சிவப்பு

மேசையில் 24 சிப்பாய்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரின் காலடியிலும் ஒரு பழைய குப்பி மூடி ஒட்டியிருந்தது. மூடியைப் பிடித்துத் திருப்பினால் உருவத்தின் மேல் விரல் படாது. உயரம் என் கட்டைவிரலில் பாதி இருக்கும். 28 மி.மீ. உருவம் என்பது இந்தத் தொழிலின் கணக்கு. 1815-இல் வாட்டர்லூவில் போரிட்ட 92-ஆம் ஹைலேண்டர் படைப்பிரிவு அது. யாரோ ஒருவர் வார இறுதியில் மேசைப் போர் விளையாடுவதற்காக, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு வீட்டுப் பின்னறையில் உடுப்பு அணிந்துகொண்டிருந்தது.

அண்ணன் மகன் அந்த ஊரில் படிக்கிறான். சனிக்கிழமைகளில் விளையாடப் போகிறவன். "அத்தை, வண்ணம் தீட்டுறதைப் பாக்கணும்னா கடைக்குப் போகாதீங்க, வீட்டுக்கு வாங்க" என்று ஒரு பெரியவரிடம் அழைத்து வந்தான். இளமையில் உலோக உருவங்களை வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். இப்போது கூலிக்கு வண்ணம் தீட்டுகிறார்.

நாட்டிங்ஹாமை இந்த விளையாட்டுக்காரர்கள் 'ஈய வட்டாரம்' என்கிறார்கள். 1970-களின் கடைசியில் பக்கத்திலுள்ள நியூவார்க்கில் பிரையன் ஆன்செல் சிட்டடல் மினியேச்சர்ஸைத் தொடங்கினார். வார்ஹாமர் விளையாட்டு 1983-இல் வந்தது. அதை வெளியிட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இன்று இந்த ஊரின் லென்டன் பகுதியில் இருக்கிறது. அங்கே வேலை பழகியவர்கள் சிலர் வெளியே வந்து, தாங்களே நிறுவனம் தொடங்கினார்கள். பெர்ரி இரட்டையர், வார்லார்ட் கேம்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள்தான். கேம்ஸ் வொர்க்ஷாப்பின் காட்சிக்கூடத்தையும் பார்த்தேன். ஆயிரக்கணக்கான உருவங்கள், கண்ணாடிக்குப் பின்னால். எனக்கு அந்தப் பின்னறைதான் பிடித்திருந்தது.

அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அட்டை முழுக்க சாயக் கறை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நிறத்துக்கான பக்குவம்: அடிநிறம், நிழல், மேல்நிறம், விளிம்பு வெளிச்சம். சிவப்புக்கு மட்டும் இரண்டு பக்கங்கள். "சிப்பாய் வேறு, அதிகாரி வேறு" என்றார். பிரிட்டிஷ் சிப்பாயின் கோட்டு மஞ்சிட்டி வகை வேரின் சாயத்தில் தோய்த்தது; மங்கிய செங்கல் நிறம். அதிகாரியின் கோட்டுக்குக் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயம். அது சுடர்விடும் சிவப்பு. ஆகவே சிப்பாய்க்குக் கார்ன் ரெட் அடிநிறம், அதன்மேல் அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்ற பழுப்பு வாஷ், பிறகு மடிப்புகளின் முதுகில் வஸ்டக்கா ரெட். அதிகாரிக்கு மெஃபிஸ்டன் ரெட்டில் தொடங்கி ஈவில் சன்ஸ் ஸ்கார்லெட்டில் முடிக்கிறார். இருநூறு ஆண்டுக்கு முந்தைய சம்பள வேறுபாடு ஐந்து சிறு குப்பிகளில் பிடிபட்டுவிடுகிறது. அந்தப் பக்கத்தை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

நிழலை எதற்குத் தீட்ட வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் தானே விழாதா என்று கேட்டேன். இவ்வளவு சிறிய உருவத்தில் மடிப்பின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் விழுகிற நிழல் கண்ணுக்கு எட்டாது. சூரியன் செய்ய வேண்டியதைப் பிரஷ் செய்கிறது. வாஷ் என்பது தண்ணீராக ஓடும் சாயம். பூசியதும் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தங்கிக் காய்கிறது. மேட்டில் மறுபடி இளநிறம் கொடுத்தால் துணி துணியாகத் தெரியும். குறுக்கு வார்களை அவர் வெள்ளையில் தொடங்குவதில்லை. சாம்பலில் தொடங்கி, விளிம்பில் மட்டும் வெள்ளை. கண்களை வரைவதே இல்லை. தொப்பிக்குக் கீழே புருவ நிழல் இருந்தால் போதும், பார்க்கிறவர் கண்ணை வைத்துக்கொள்வார் என்றார்.

கில்ட் பாவாடையின் கட்டங்கள்தான் கடினம் என்று நினைத்திருந்தேன். கருநீலம் பூசி, மேலே அகலமான பச்சைப் பட்டைகள், குறுக்கும் நெடுக்கும். அவை சந்திக்கும் இடத்தில் இளம்பச்சைப் புள்ளி. பச்சையின் நடுவே மயிரிழை மஞ்சள். இந்தப் படைப்பிரிவின் கட்டத்துணியான கார்டன் டார்ட்டனின் அடையாளமே அந்த மஞ்சள்தான். நெசவில் உள்ள எல்லாக் கோடுகளையும் போட்டால் ஒரு முழத் தூரத்தில் வெறும் அழுக்குத் திட்டாகத் தெரியும் என்பதால் மற்றவற்றை விட்டுவிடுகிறார். எதை விடுவது என்பதும் நோட்டில் எழுதியிருக்கிறது.

எனக்கும் ஒரு சிப்பாயைக் கொடுத்தார். குப்பியிலிருந்து எடுத்த சாயத்தை அப்படியே கோட்டில் பூசினேன். பொத்தான்கள் மூன்றும் மூழ்கிப்போயின. செதுக்கியவர் நாட்கணக்கில் உழைத்த நுணுக்கத்தை ஒரே இழுப்பில் அழித்துவிட்டது உறைத்தது. அவர் பதறவில்லை. ஈரப் பிரஷால் உடனே துடைத்தெடுத்து, சாயத்தைப் பால் பதத்துக்குக் கரைக்கச் சொன்னார். "எந்தப் பால்?" என்றான் அண்ணன் மகன். கொழுப்பு எடுத்த பால். கெட்டியாக ஒரு பூச்சு கூடாது, நீர்க்க இரண்டு பூச்சு. பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பேக்கிங் தாள். அந்த ஈரப் பலகையில் கரைத்த சாயம் மணிக்கணக்கில் காயாமல் இருக்கிறது. இரண்டாவது பூச்சில் பொத்தான்கள் திரும்ப வந்தன.

நோட்டில் பல பெயர்கள் அடிக்கப்பட்டு, பக்கத்தில் புதுப்பெயர் எழுதியிருந்தது. 2012-இல் சிட்டடல் தன் வண்ண வரிசை முழுவதையும் மாற்றியபோது ஸ்காப் ரெட் போய்க் கார்ன் ரெட் வந்தது; பலரும் கொண்டாடிய டெவ்லன் மட் என்ற வாஷ் இருந்த இடத்துக்கு அக்ராக்ஸ் எர்த்ஷேட் வந்தது. பழைய படையில் புதுச் சிப்பாய் சேர்ந்தால் நிறம் ஒத்துப்போக வேண்டும். அதற்காக அந்த ஆண்டு பக்கம் பக்கமாகச் சோதித்துத் திருத்தியிருக்கிறார்.

பக்குவத்தைப் பார்த்துத் தீட்டுவது கலையாகுமா என்று சிலர் கேட்பார்களாம். அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை. தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்கத்தக்கதை இவர் கேட்டவருக்கெல்லாம் படமெடுத்துக் கொடுக்கிறார். ஓவியம் படிக்காத ஒரு செவிலியும் ஒரு லாரி ஓட்டுநரும் அதை வைத்துத் தங்கள் படையை முடித்திருக்கிறார்கள். நாற்பது பேருக்கு ஒரே சிவப்பு வேண்டுமென்றால், முதல் ஆளுக்குச் செய்ததை நினைவை நம்பிச் செய்ய முடியாது. எழுதி வைக்க முடியாதது பதம் மட்டுந்தான். அதற்குத்தான் என் கையைப் பிடித்து ஒரு தரம் இழுத்துக் காட்டினார்.

நாங்கள் கிளம்பும்போது இசைப்பை ஊதும் பைப்பர் மட்டும் மீதி. இசைப்பையின் துணிக்குப் பச்சை வேண்டும். ஆனால் கில்ட்டின் பச்சையோடு அது கலந்துவிடக் கூடாது. கை உடைந்த ஒரு பழைய உருவத்தின் முதுகில் மூன்று பச்சைகளைக் கோடாக இழுத்து, ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். மூன்றாவதில் துளி மஞ்சள் சேர்த்தார். நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் 'பை' என்று எழுதிவிட்டு, கோடு காய்வதற்காகக் காத்திருந்தார்.