புள்ளிக்குப் பின்னால் இருப்பவர்கள்

எங்கள் தெருப் படிப்பகத்துக்குப் போன மாசம் 63 புத்தகங்கள் வந்து இறங்கின. ரெண்டு கோணிப்பை. ஓய்வு பெற்ற தொழிற்சங்கத் தோழர் ஒருவர் முப்பது வருசமாய்ச் சேர்த்தது. "கண்ணு மங்கிப் போச்சும்மா, இனிமே நீங்க படிங்க" என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஆப்பிரிக்கா. கானா, கென்யா, அங்கோலா, சாம்பியா, தென்னாப்பிரிக்கா என்று விடுதலைப் போராட்ட வரலாறுகள். பாதிக்கு மேல் வெளிநாட்டு நூலகங்கள் கழித்துக் கட்டியவை. பழைய புத்தகக் கடையில் வாங்கியிருக்கிறார். முதுகில் பகுப்பு எண் எழுதிய சீட்டு அப்படியே ஒட்டியிருக்கிறது.

அடுக்கி வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் எம்.ஏ. தமிழ். நூலகப் படிப்பு படித்தவள் இல்லை. ஆனால் தெருவில் யாருக்கு அந்த வித்தியாசம் தெரியும்? "நீதான பெரிய படிப்பு படிச்சவ, அடுக்கு" என்றார்கள். பக்கத்து ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவரிடம் ஓசியில் கற்றுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எண் என்றாலே எனக்கு ஒரு வலி உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த கல்லூரியின் நூலகத்தில் சாதி ஒழிப்பு பற்றிய புத்தகம் கேட்டு நின்றேன். 305.568 என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். போய் எடுத்துப் படித்தேன். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்நியப்பட்ட, விலக்கப்பட்ட வகுப்புகள். ஊர் சுற்றித் திரிகிற நாடோடியும் தீண்டப்படாதவரும் ஒரே பெட்டி. விலக்கியவனுக்கு எண் இல்லை, விலக்கப்பட்டவனுக்குத்தான் எண். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கண்ணோடுதான் இந்த 63 புத்தகங்களையும் பார்த்தேன்.

மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் உண்டாக்கிய முறை இது. உலகத்து அறிவு முழுவதையும் பத்து பத்தாகப் பிரிப்பது. 900 வரலாறு. அதில் 960 ஆப்பிரிக்கா. 968 தெற்கு ஆப்பிரிக்கா. அதற்குப் பிறகு ஒரு புள்ளி வைத்துப் பிரித்துக்கொண்டே போகலாம். (ஆப்பிரிக்காவில்தான் எகிப்து இருக்கிறது. ஆனால் பிரமிடு கட்டிய பழைய எகிப்து 932இல், கிரேக்கம், ரோமோடு உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் வந்த எகிப்துதான் 962. பெருமை வந்தால் கண்டம் மாறிவிடும் போல.)

முதலில் கையில் வந்தது 968.9 என்று சீட்டு ஒட்டிய ஒரு புத்தகம். அட்டையில் ரொடீசியா. செசில் ரோட்ஸ் என்ற ஒரு வெள்ளைக்காரச் சுரங்க முதலாளியின் பெயர் ஒரு நாட்டுக்கே பெயர். நம்ம ஊரில் பண்ணையார் பெயரில் கிராமம் இருக்கிற மாதிரி. 1965இல் அங்கே வெள்ளைச் சிறுபான்மை தானாகவே சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. 15 வருசம் சண்டை. 1980 ஏப்ரல் 18இல் சிம்பாப்வே பிறந்தது. 2015இல் கேப்டவுன் பல்கலைக்கழக மாணவர்கள் போராடி ரோட்ஸ் சிலையையே பெயர்த்தெடுக்க வைத்தார்கள். எங்கள் மேசை மேல் மட்டும் ரோட்ஸ் இன்னும் ஆட்சி செய்துகொண்டிருந்தார்.

பேரை மாற்றுவது சுலபம், நண்பர் சொன்னார். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் பேரை மாற்றிவிடுகிறார்கள். ரொடீசியா சிம்பாப்வே ஆனது, எண் 968.91. தென்மேற்கு ஆப்பிரிக்கா நமீபியா ஆனது, 968.81. போட்ஸ்வானா 968.83. லெசோத்தோ 968.85. 2018இல் சுவாசிலாந்து எஸ்வாத்தினி ஆனது, 968.87. சாம்பியா 968.94, மலாவி 968.97.

எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். எல்லாம் 968. தென்னாப்பிரிக்கக் குடியரசுக்கும் 968. அதுக்குத் தலை எண்ணும் முதல் வரிசையும். சுற்றி இருக்கிற ஏழு சுதந்திர நாடுகளும் அதே எண்ணில், புள்ளிக்குப் பின்னால், கடைசியில். தலைப்பே அப்படித்தான்: தென்னாப்பிரிக்கக் குடியரசும் அண்டை நாடுகளும். ஊர், அப்புறம் சேரி. எனக்கு வேறு உவமை தோன்றவில்லை.

இந்த 'அண்டை நாடுகள்' என்ன பாடுபட்டன என்று அந்தப் புத்தகங்களிலேயே இருக்கிறது. நிறவெறி அரசால் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுக்குத் தலைமையகம் தர இடம் கொடுத்தது சாம்பியாவின் லுசாக்கா. 1982 டிசம்பரில் தென்னாப்பிரிக்கப் படை எல்லை தாண்டி லெசோத்தோவின் மசேருவுக்குள் புகுந்து 42 பேரைக் கொன்றது. 1985 ஜூனில் போட்ஸ்வானாவின் கபரோனில் 12 பேர். அடைக்கலம் கொடுத்ததற்கு அடி. அடி வாங்கியவன் அடித்தவன் எண்ணுக்குக் கீழே.

இன்னொரு வேடிக்கை. வேடிக்கை என்று எழுதக் கூசுகிறது. கறுப்பர்களைச் சொந்த நாட்டிலேயே அந்நியராக்க நிறவெறி அரசு 'தாயகம்' என்று துண்டு துண்டாய்ப் பொட்டல் நிலம் ஒதுக்கியது. 1976இல் டிரான்ஸ்கை, 1977இல் பொபுதட்ஸ்வானா, 1979இல் வெண்டா, 1981இல் சிஸ்கை என்று நாலுக்குச் 'சுதந்திரம்' வேறு அறிவித்தது. தென்னாப்பிரிக்கா தவிர உலகத்தில் எந்த நாடும் அவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பகுப்பு முறையில் பொபுதட்ஸ்வானாவுக்கு 968.294 என்று எண் இருந்தது. ஐ.நா. சபை ஏற்காததை அலமாரி ஏற்றுக்கொண்டது. 1994இல் அந்தத் துண்டுகள் எல்லாம் திரும்ப நாட்டோடு சேர்ந்துவிட்டன. சீட்டு மட்டும் எங்கள் கோணிப்பையில் வந்து சேர்ந்திருக்கிறது. சாயங்காலம் படிக்க வருகிற எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, இந்த நாடு எங்க இருக்கு? காணமே." இல்லாத நாட்டை அரைமணி நேரம் தேடியிருக்கிறாள்.

ஆனால் எனக்கு ஆறாதது ஆண்டுக் கணக்குதான்.

தென்னாப்பிரிக்காவில் 1910 முதல் 1961 வரை 968.05. அதற்குப் பிறகு 968.06. இதை மேலும் பிரித்திருக்கிறார்கள். 968.061 என்றால் ஃபெர்வூர்ட் காலம், 1966இல் அவர் கொல்லப்படும் வரை. 062 ஃபோர்ஸ்டர், 1978 வரை. 063 போத்தா, 1989 வரை. 064 டி கிளார்க், 1994 வரை. பள்ளிக்கூடத்தில் நாம் கவர்னர் ஜெனரல் பட்டியலை மனப்பாடம் பண்ணின மாதிரியே. சரி, 1976 ஜூன் 16 எங்கே? ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும் படிக்க வேண்டும் என்று திணித்ததை எதிர்த்து சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்களே, போலீஸ் சுட்டதே, அது? 062. ஃபோர்ஸ்டர் பெட்டி. 1977 செப்டம்பர் 12இல் போலீஸ் காவலில் அடிபட்டு ஸ்டீவ் பிகோ செத்தாரே? அதுவும் ஃபோர்ஸ்டர் பெட்டி. கொன்ற ஆட்சியின் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் செத்தவனைப் போய்ப் பார்க்க முடியும்.

பிகோவும் அவருடைய மாணவர் அமைப்பும் செய்த முக்கியமான காரியம் பெயர் மாற்றம்தான். 'வெள்ளையரல்லாதார்' என்று அரசு வைத்த பேரைத் தூக்கி எறிந்துவிட்டு 'கறுப்பர்' என்று சொன்னார்கள். இல்லாததைச் சொல்லிக் கூப்பிடாதே, இருக்கிறதைச் சொல்லிக் கூப்பிடு என்று. அரிசனம் என்ற பேரைத் துப்பிவிட்டுத் தலித் என்று எழுந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நாடே ஒரு நூல் அட்டைப் பெட்டி மாதிரிதான் நடந்தது. 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு ஆளையும் வெள்ளையர், கலப்பினத்தார், ஆப்பிரிக்கர் என்று பகுத்தது. 1860 முதல் கரும்புக் கொல்லைக்குக் கப்பலேறிப் போன நம்ம சனங்களின் பிள்ளைகளுக்கும் 'இந்தியர்' என்று ஒரு பெட்டி. தலைமுடியில் பென்சிலைச் செருகி விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கூட இனம் தீர்மானித்தார்கள். 1991இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

நண்பரிடம் சண்டைக்குப் போனேன். "1994க்கு அப்புறம் மாத்தலையா?" "மாத்திட்டாங்களே. 968.065, மண்டேலா காலம், 1999 வரைக்கும்." அதே வரிசை, அதே அச்சு. அடுத்த ஆளை வாலில் சேர்த்தாயிற்று. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது: "ஆட்சி மாறின தேதி எல்லாருக்கும் ஒண்ணுதான். போராட்டம் என்னைக்கு ஆரம்பிச்சுது, என்னைக்கு முடிஞ்சுதுன்னு ரெண்டு பேர் ஒத்துக்குவாங்களா? எண்ணை அடியோட மாத்தினா உலகம் பூரா எத்தனை லட்சம் சீட்டைக் கிழிக்கணும்?" பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வேறொரு மூலையிலிருந்து வந்தது பதில்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் புத்தகங்களுக்குப் பொருள் தலைப்பு கொடுக்கிறது. உலகம் முழுக்க நூலகங்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். அதில் சிம்பாப்வே சண்டைக்குத் தலைப்பு 'சிமுரெங்கா போர், 1966-1980'. சண்டை போட்ட சனங்கள் தங்கள் ஷோனா மொழியில் வைத்த பேர். தேதியும் அவர்கள் கணக்குத்தான். ஆக, முடியும்! ஆனால் கென்யாவுக்கு வந்தால் 'மாவ் மாவ் அவசரநிலை, 1952-1960'. போராளிகள் தங்களைக் கென்ய நிலம், விடுதலைப் படை என்றார்கள். நிலம் பறிகொடுத்தவர்களின் படை. அவசரநிலை என்பது வெள்ளைக்காரக் கவர்னர் போட்ட உத்தரவின் பேர். 1957இல் டெடன் கிமாத்தியைத் தூக்கிலிட்டார்கள். 2013இல் பிரிட்டிஷ் அரசே சித்திரவதையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுன் தருவதாகச் சொன்னது. என் கைக்கு வந்த கென்யப் புத்தகத்தில் கவர்னரின் சொல்தான் அச்சாகி இருக்கிறது.

கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த டோரத்தி போர்ட்டர் என்ற கறுப்பின நூலகர், மற்ற நூலகங்கள் கறுப்பர் எழுதிய எதையும் 325இலோ 326இலோ தள்ளுவதைக் கண்டார். ஒன்று குடியேற்றம், மற்றது அடிமை முறை. கவிதை எழுதினாலும் அடிமை அலமாரிதான். அவர் அதைக் கிழித்துப்போட்டு, கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைத்தார்.

1960களின் கடைசியில் சான்ஃபோர்ட் பெர்மன் என்ற அமெரிக்கர் லுசாக்காவில் சாம்பியப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்குப் போனார். அங்கே அட்டையில் 'காஃபிர்கள்' என்று ஒரு பொருள் தலைப்பு. அது எங்களைத் திட்டுகிற சொல் என்று கூட வேலை செய்த ஆப்பிரிக்கர்கள் சொன்னார்கள். 1964இல் விடுதலையான நாட்டின் நூலகத்தில், அதே நாட்டுச் சனங்களின் மேல் வசவு, அகர வரிசைப்படி! 1971இல் பெர்மன் இந்த மாதிரித் தலைப்புகளை ஒவ்வொன்றாய்ப் பிடித்து உலுக்கி ஒரு புத்தகமே எழுதினார். பறையர் என்ற நம்ம பேரை ஆங்கில அகராதியில் ஒதுக்கப்பட்டவனுக்கு வசவாக்கி வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. பழைய தலைப்புகள் பலதும் பிறகு மாறின. தீண்டப்படாதார் என்பதும் போய் இப்போது தலித்துகள் என்றே இருக்கிறது. டூயி பெயரில் கொடுத்துவந்த பதக்கத்திலிருந்தே அவர் பெயரை 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம் எடுத்துவிட்டது. கறுப்பரையும் யூதரையும் சேர்க்காத கிளப் நடத்தியவர் அவர்.

புது எண்களை நாங்கள் எங்கே பார்ப்பது? 23ஆம் பதிப்பு 2011இல் வந்தது. இப்போது திருத்தமெல்லாம் கணினியில், சந்தா கட்டினால்தான். எங்கள் படிப்பகத்தில் மின்கட்டணம் கட்டவே சீட்டுக் காசு எடுக்கிறோம்.

ஆண்டுக்கு ஒரு வழி நண்பர்தான் காட்டினார். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராயிருந்த ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. அதில் காலத்துக்குத் தனி எண். இருபதாம் நூற்றாண்டுக்கு ஆங்கில எழுத்து 'என்'. அதோடு ஆண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1976 என்றால் என்76. எந்தப் பிரதமரும் குறுக்கே நிற்கவில்லை. ரங்கநாதன் ஒரு பிராமணர், அதையும் சொல்லிவிட்டுத்தான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இடத்துக்கு டூயி எண், காலத்துக்கு ரங்கநாதன் எண் என்று ரெண்டையும் கலந்து சீட்டு எழுத ஆரம்பித்தோம். நூலகப் படிப்பு படித்தவர்கள் சிரிப்பார்கள். அண்டை நாடுகள் ஏழையும் தென்னாப்பிரிக்காவுக்குப் பக்கத்தில், தனிப் பலகையில், அதே உயரத்தில் வைத்தோம். அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைதான் தமிழில் எழுதினாள். சோவெட்டோ புத்தகத்தில் 'என் 76' என்று இடைவெளி விட்டு எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "யாரோட எழுபத்தாறுக்கா?"

பழைய சீட்டைக் கிழிக்க வேண்டாம், அதற்குக் கீழே புதுசை ஒட்டு என்று சொன்னேன். ரொடீசியாவும் தெரியட்டும். சங்கத்து அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அசிங்கத்த எதுக்கு வச்சிருக்கணும், கிழிச்சுப் போடு" என்கிறார். ரெண்டு நாளாய் இந்தப் பேச்சு ஓடுகிறது. கோந்தும் தீர்ந்துவிட்டது. 11 புத்தகம் இன்னும் மேசை மேல் கிடக்கிறது.