கும்மிடிப்பூண்டியில் ஒரு கோழி வைத்தியம்!

மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து, ஜன்னல் ஸீட்டும் கிடைத்துவிட்டால் நீங்கள் பாக்கியசாலி. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை... 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு குட்டித் தூக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்த தூரம். அதையும் தாண்டினால் ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரா. இங்கே தெலுங்கு பேசுகிற வீடுகளில் கோழிக்குப் பெயர் 'கோடி'. கொல்லையில் நாலு கோடி மேய்கிறது என்று சொன்னால் இன்கம்டாக்ஸ்காரர்கள் பதற வேண்டாம்!

கும்மிடிப்பூண்டி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சிப்காட், இரும்பு ஆலை, ஷிப்ட் பஸ். கொஞ்சம் உள்ளே தள்ளி கிராமத்துப் பக்கம் நடந்தால் வேறு உலகம். வேலி ஓரமெல்லாம் நாட்டுக்கோழி. வருஷத்துக்கு அறுபது முட்டை இட்டாலே பெரிய விஷயம்தான். ஆனாலும் வீட்டுக்கார அம்மாவுக்கு அதுதான் பாங்க். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமா, திடீர்ச் செலவா... ஒரு சேவலைப் பிடித்து விற்றால் கடன் கேட்க வேண்டியதில்லை.

இந்த பாங்க்கைத் திவாலாக்குவது வெள்ளைக்கழிச்சல். "காலையில நல்லா மேஞ்சுட்டிருக்கும் தம்பி, சாயங்காலம் தலையைத் தொங்கப்போட்டுடும். ஒண்ணுக்கு வந்தா தெருவுக்கே வந்த மாதிரி" என்றார் ஓர் அம்மா. இங்கிலீஷ் டாக்டர்கள் வைத்த பெயர் ராணிக்கெட். இமயமலைப் பக்கத்து ஊர். 1920-களில் அங்கே கண்டுபிடித்ததால் பாவம், அந்த அழகான ஊருக்கு இப்படியொரு கெட்ட பெயர்!

கை வைத்தியம் நிறைய இருக்கிறது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் அரைத்து, குருணையில் பிசைந்து வைக்கிறார்கள். பத்துக் கோழிக்குக் கீழாநெல்லி 50 கிராம், சீரகம் 10 கிராம். குடலில் பூச்சியா? தும்பை, வேப்பிலை, பாகற்காய். அம்மைக் கொப்புளமா? வேப்பிலை, துளசி, மஞ்சள் அரைத்துப் பூச்சு. ஏதோ பாட்டி சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டாக்டர் புண்ணியமூர்த்தி, தஞ்சாவூரில் இத்தகைய மூலிகை வைத்தியத்தை முறைப்படுத்தி ஊர் ஊராகக் கொண்டுபோனவர்.

நம்பிக்கைகளும் உண்டு. அடை வைக்கும்போது இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடாமல் இருக்க, கூடையில் ஒரு இரும்புத் துண்டு, கரி, காய்ந்த மிளகாய். இந்த ஊரில் இரும்புக்கா பஞ்சம்!

ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். ராணிக்கெட் வைரஸ் நோய். வந்த பிறகு அதைக் கொல்ல மூலிகையும் கிடையாது, இங்கிலீஷ் மருந்தும் கிடையாது. கீழாநெல்லி கோழிக்குத் தெம்பு தரலாம்; தடுப்பூசி வேலையை அது செய்யாது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை ஊர்களில் இலவச முகாமே போடுகிறது. "மூலிகை கொடுத்துட்டோமே" என்று முகாம் அன்றைக்குக் கோழியைப் பிடித்து வைக்காத வீடுகளில்தான் கூடை காலியாகிறது. செத்த கோழியைத் தெருவில் வீசாமல் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

இன்னொன்று: மூலிகை பறிக்கும் இடம். ஆலைக் கழிவு ஓடும் கால்வாய் ஓரத்தில் கீழாநெல்லி தளதளவென்றுதான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். வீட்டுத் தொட்டியிலேயே வளரும்; தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும்.

வாடகை வீட்டு மாடியில் நாலு கோழி வளர்க்கலாமா என்று யோசிக்கும் பிரம்மச்சாரிகளுக்கு: முதலில் தடுப்பு மருந்து, அடுத்தது கீழாநெல்லித் தொட்டி. ரொம்ப முக்கியம், விடிகாலை நாலு மணிக்குக் கூவும் சேவலைப் பொறுத்துக்கொள்ளும் ஹவுஸ் ஓனர். அதற்கு மட்டும் எந்த மூலிகையும் கிடையாது!