மெயின்ரனன்ஸ் காசுக்குள் அடங்காத காப்புறுதி

மாதாமாதம் கட்டும் மெயின்ரனன்ஸ் காசிலேயே கட்டடக் காப்புறுதியும் போகிறது, பிறகு தனியாக ஒன்று எதற்கு? ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ கொண்டோ வாங்கும் எம்மவர்கள் பலர் கேட்பது இது. பாதி நியாயம் இருக்கிறது. ஒன்ராறியோவின் 1998ஆம் ஆண்டுக் கொண்டோமினியச் சட்டப்படி, தீ, புகை, புயல், குழாய் உடைந்து பெருகும் தண்ணீர் போன்ற முக்கிய ஆபத்துகளுக்கு எதிராகப் பொது இடங்களை மட்டுமன்றி ஒவ்வொரு வீட்டையும் நிர்வாகம்தான் காப்புறுதி செய்ய வேண்டும். ஆனால் அது ‘ஸ்ராண்டர்ட் யுனிற்’ என்று வரையறுக்கப்பட்ட அளவுக்கு மட்டுமே. கார்பெற்றைக் கழற்றிவிட்டுப் போட்ட மரத்தளமும் பிறகு பதித்த கிரனைட்டும் பெரும்பாலும் அதற்குள் வராது. தளபாடம், நகை, உடுப்பு எதுவுமே வராது. வேலிக்குள் இருப்பதெல்லாம் எங்களுடையது என்ற ஊர்க்கணக்கு கொண்டோவில் செல்லாது. உள்ளே இருப்பவற்றில் எது யாருடைய பொறுப்பு என்பதைக் கட்டடத்தின் பிரகடனமும் துணைவிதிகளும்தான் சொல்லும்.

இதைவிடப் பெரிய ஓட்டை டிடக்ரிபிள். காப்புறுதி நிறுவனம் பணம் தருவதற்கு முன் நிர்வாகம் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகை அது. உரிமையாளரோ அவருடைய வாடகைக்காரரோ செய்ததால், அல்லது செய்யத் தவறியதால், அந்த வீடு சேதமானால், திருத்தச் செலவு, டிடக்ரிபிள் இரண்டில் எது குறைவோ அதை உரிமையாளரின் மாதக் கட்டணத்தோடு சேர்க்கச் சட்டத்தின் 105ஆம் பிரிவு இடமளிக்கிறது. டிடக்ரிபிள் 25,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். சலவை இயந்திரக் குழாய் வெடித்து 40,000 டொலர் செலவானால் 25,000 உங்கள் தலையில். 8,000 டொலர் செலவானால் முழுவதும் உங்கள் தலையில். பல கட்டடங்களின் துணைவிதிகள் இதைக் கீழ்வீட்டுச் சேதத்துக்கும் நீட்டியிருக்கின்றன. கட்டாமல் விட்டால் வீட்டின் மீதே பற்றுரிமை பதியலாம்.

சட்டம் கட்டாயப்படுத்தவில்லையே என்பார்கள். உண்மைதான், பிரகடனம் கேட்டாலொழிய உரிமையாளர் தனிக் காப்புறுதி எடுக்கத் தேவையில்லை. ஆனால் கட்டாயம் இல்லாதது காப்புறுதிதான், தலையில் விழும் டிடக்ரிபிள் கடன் அல்ல. நாங்கள் கவனமாக இருக்கிறோம் என்பது இன்னும் பலவீனமான வாதம்: தண்ணீர் மேல்வீட்டிலிருந்தும் வரும், வாடகைக்காரரின் கவனயீனமும் உங்கள் கணக்கில்தான் விழும். செலவு என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் கொஞ்சம் காது கொடுக்கலாம். ஆனாலும் சுவரையும் கூரையையும் நிர்வாகம் ஏற்கெனவே காப்பதால், கொண்டோக் காப்புறுதி தனிவீட்டுக் காப்புறுதியைவிடப் பொதுவாக மலிவு.

மலிவு என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும் வீண். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2019, 2020 காலத்தில் கட்டடக் காப்புறுதிச் சந்தை இறுகி, சில கட்டடங்களின் தண்ணீர்ச் சேத டிடக்ரிபிள் லட்சம் டொலரையும் தாண்டியது. தன் பழைய காப்புறுதி ஒப்பந்தத்தில் டிடக்ரிபிளுக்கென 25,000 மட்டும் வைத்திருந்தவருக்கு மிச்சம் கைக்காசு. ஒன்ராறியோவில் நிர்வாகம் ஆண்டுக்கு இரண்டு தடவை அனுப்பும் தகவல் சான்றிதழில் டிடக்ரிபிள் விபரம் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போகிறது. அதிலுள்ள தொகையையும் தன் ஒப்பந்தத்திலுள்ள தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.