மூச்சுக் காற்றும் தீயின் காற்றும்

அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தின் வடகோடியிலுள்ள எல்கார்ட் நகரைச் சுற்றி, காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளைச் செய்வதையே பிரதான ஜீவனமாகக் கொண்ட தொழிற்சாலைகள் மலிந்து கிடக்கின்றன. ஆனால் ஐப்பசி மாதக் குளிரில் நான் தேடிப்போனது அந்தப் பெரிய ஆலைகளையன்று, பழைய வண்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி ஹீட்டர் பொருத்திக் கொடுக்கும் ஒரு சிறு பட்டறையை. அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவரும், அவரிடம் தொழில் பழகும் அவருடைய தங்கை மகனுமாக இருவரே அங்கு வேலை செய்தனர். அன்றைக்கு அவர்கள் முன் நின்றது 14 அடி நீளமுள்ள ஒரு கேம்பர். கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் ஓர் அறைக்குள் அடங்கியது.

ஹீட்டரின் மூடியைக் கழற்றிக் காட்டிப் பெரியவர் சொன்னார்: “இதற்குள் இரண்டு காற்றுகள் ஓடுகின்றன. ஒன்று நெருப்புக்கு, மற்றது மனிதருக்கு. இரண்டும் சந்திக்கவே கூடாது.” அடைபட்ட எஃகு அறையொன்றினுள் தீ எரிகிறது, அதற்கு வேண்டிய காற்று வண்டியின் வெளிச்சுவர் வழியாக உள்ளே வந்து, எரிந்த புகையாகி அதே சுவர் வழியாகவே வெளியேறிவிடுகிறது. விசிறி தள்ளும் அறைக்காற்றோ அந்த எஃகுச் சுவரின் புறத்தை மட்டும் தழுவிச் சூடேறித் திரும்புகிறது. இடையிலுள்ள தகடு விரிசல் கண்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். எத்தனையோ யந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தகட்டின் மேல் இவ்வளவு பாரம் சுமத்தியிருப்பதை வேறெங்கும் கண்டதில்லை.

அலுமினியச் சுவரில் துவாரம் அறுக்குமுன் பெரியவர் மூன்று முறை அளந்தார். புகை வெளியேறும் வாய்க்கு மேலே திறக்கும் ஜன்னல் இருக்கலாகாது என்பதற்காகவே, வண்டிச் சொந்தக்காரர் விரும்பிய இடத்தை விடுத்து எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாராம்.

இந்த ஹீட்டரில் எரிவது புரொப்பேன். நம் அடுக்களைச் சிலிண்டரில் இருப்பதோ புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. தண்ணீர் உறையும் குளிரில் பியூட்டேன் ஆவியாகாமல் திரவமாகவே தங்கிவிடும். புரொப்பேனோ பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி வரையில் ஆவியாக வல்லது. ஆகவே பனிப் பிரதேசத்து வண்டிகளுக்கு அதுவே கதி. காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானதாதலால், கசிந்தால் அது மேலே போய்விடாமல் தரையோடு தரையாகப் படர்கிறது. அதைக் காட்டிக்கொடுக்கும் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்துவது அதனால்தான். எரிவாயுவின் நாற்றத்தை நாம் வெறுக்கிறோம். ஆனால் 1937ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாகாணத்து நியூ லண்டனில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து பள்ளிக்கூடமொன்று வெடித்து, ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்ட பிறகே அந்த நாற்றத்தைச் சேர்க்க வேண்டுமென்று அங்கே சட்டம் பிறந்தது. அதை அறிந்த நாள் முதல் அந்த நாற்றத்தை நான் வெறுத்ததில்லை.

வாயுவைக் கொண்டுவரும் செப்புக் குழாய் வண்டிக்கு அடியிலேயே ஓடி, ஹீட்டர் இருக்குமிடத்தில்தான் தரையைத் துளைத்து ஏறுகிறது. அதன் வாயைப் புனல்போல விரித்துப் பித்தளை மரையால் இறுக்குவதே இணைப்பு. உலோகத்தோடு உலோகம் படிந்து அடைபடுவதால் அங்கே நாடா சுற்றுவது கூடாது. இளைஞன் முதலில் விரித்த வாயின் ஓரத்தில் மயிரிழை போன்ற கீறல் தெரிந்தது. மாமா ஒரு வார்த்தையும் சொல்லாமல் விரலால் தொட்டுக் காட்டினார். அவன் அறுத்தெறிந்து, பிசிரை நீக்கி, மீண்டும் விரித்தான். பிறகு சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்த்து, ரெகுலேட்டரின் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டத்துக்குச் சரியாக நிற்கிறதா என்று அளந்தார்கள்.

காற்றுக் குழாய் இரண்டு: ஒன்று கட்டிலருகே, மற்றது தொட்டிக்கு அடியில், தண்ணீர்க் குழாய் உறையாதிருக்க. நெளிந்து தொய்ந்த குழாயில் காற்று களைத்துப்போகும் என்பதால், அதிகப்படியான நீளத்தை வெட்டி இழுத்துக் கட்டினார்கள். போன காற்று திரும்பிவர ஹீட்டர் இருக்கும் அலமாரியின் கதவில் பெரிய துவாரங்கள் வைப்பதைத்தான் பெரியவர் அதிக சிரத்தையோடு செய்தார். பலரும் அவற்றின் முன்னே துணிமூட்டைகளை அடுக்கிவிடுகிறார்களாம்.

மாலையில் ஸ்விட்சைத் தட்டினார். விசிறி முதலில் சுழன்றது; அதன் காற்று ஒரு மெல்லிய தகட்டைச் சாய்த்தால் மட்டுமே வாயுவுக்கு வழி திறக்கும்; பாட்டரி பலமிழந்து விசிறி சோர்ந்தால் தீ பிறக்கவே பிறக்காது. சற்றுப் பொறுத்து, டிக் டிக்கென்று பொறி கேட்டது. பின்பு தீயின் மெல்லிய இரைச்சல். கட்டிலருகே வெதுவெதுப்பான காற்று என் கையில் பட்டபோது வேலை முடிந்ததென்று எண்ணினேன். பெரியவரோ ஒரு பலகையை எடுத்துத் திரும்பு துவாரங்களை வேண்டுமென்றே மூடிவிட்டு, கதவருகே நின்று காத்திருந்தார். சில நிமிஷங்களில் உள்ளே வெப்பம் மிகுந்து, இரைச்சல் தானாக நின்றது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தீ மூண்டபோது சலனமில்லாதிருந்த அவர் முகம், அது அணைந்தபோது மலர்ந்தது. பலகையை எடுத்து மருமகனிடம் கொடுத்து, “இனி நீ ஒரு முறை செய்து பார்” என்றார்.