மால் ஆகிப்போன தொழிற்சாலை... தோள் நிமிர்ந்த மஸ்டாங்!

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரத்தை ஒட்டி மில்பிடாஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. கிழக்கே மொட்டை மலைகள். மழைக்காலம் முடிந்ததும் பச்சையாக இருந்து, கோடையில் காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். மற்ற மூன்று பக்கமும் சாஃப்ட்வேர் கம்பெனிகள், வரிசை வீடுகள், வியட்நாம் சாப்பாட்டுக் கடைகள், நம் ஊர் மளிகைக் கடைகள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும், "மில்பிடாஸா? அங்க கிரேட் மால் போனோமே" என்பார்கள்.

நானும் போனேன். உயரமே இல்லாமல் அகலமாகப் படுத்துக்கிடக்கும் கட்டடம் அது. சுமார் 13 லட்சம் சதுர அடி. மாலுக்கு ஏன் இந்த உருவம் என்று யோசித்துப் பார்த்தால் விடை சுலபம். இது மாலாகக் கட்டப்பட்டதே இல்லை. 1955-ல் ஃபோர்டு கம்பெனி இங்கே திறந்த கார் தொழிற்சாலை. 1983-ல் மூடினார்கள். 1994-ல் அதே கட்டடத்தில் மாலைத் திறந்தார்கள். இன்றைக்கு செருப்புக் கடையும் சட்டைக் கடையும் இருக்கும் நடைபாதையில்தான் ஒருகாலத்தில் மஸ்டாங் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி வெளியே வந்தன. அங்கே பை தூக்கிக்கொண்டு நடந்த மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். மூவருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும், "அப்படியா, அதான் பார்க்கிங் இவ்வளவு பெருசா இருக்கா?" என்றார்.

இந்தத் தொழிற்சாலைக்கு இன்னொரு கதையும் உண்டு. அதற்கு முன் ஃபோர்டு ஆலை வடக்கே ரிச்மண்ட் என்ற ஊரில் இருந்தது. ஆலை இடம் மாறியபோது தொழிலாளர்களும் கூடவே வரவேண்டும். வெள்ளையர்களுக்கு வீடு கிடைத்தது. கறுப்பினத் தொழிலாளர்களுக்கு யாரும் வீடு விற்கத் தயாராக இல்லை. தொழிற்சங்கமே களத்தில் இறங்கி, எல்லா இனத்தவரும் சேர்ந்து வாழும் சன்னிஹில்ஸ் என்ற குடியிருப்பை உருவாக்கியது. அமெரிக்காவில் திட்டமிட்டு அப்படிக் கட்டப்பட்ட முதல் சில குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. இந்த ஆலையில் வேலை பார்த்த பென் கிராஸ் என்ற கறுப்பினத்தவர் 1966-ல் மில்பிடாஸின் மேயரே ஆகிவிட்டார். சன்னிஹில்ஸ் இன்றும் இருக்கிறது. மாலிலிருந்து காரில் சில நிமிடம்தான்.

நான் சொல்லவந்த காரும் அதே 1966 மாடல்தான்.

'ஆர்' என்ற ஒரு எழுத்து

என் பெரியம்மா மகள் மில்பிடாஸில்தான் இருக்கிறாள். அத்தானுக்கு பகலில் கம்ப்யூட்டர் வேலை, ராத்திரியில் பழைய கார் பைத்தியம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மஸ்டாங்கை, ஓடுகிற நிலையில் ஆனால் பார்க்கச் சகிக்காத நிலையில், வாங்கிப்போட்டார். பானெட்டைத் திறந்தால் நாம் எல்லோரும் இன்ஜினைப் பார்ப்போம். அவர் டிரைவர் பக்கத்து உள்தகட்டைக் காட்டினார். "இதைப் படி மாப்ள."

6ஆர்07சி என்று ஆரம்பித்து, பிறகு ஆறு எண்கள். 6 என்றால் 1966 மாடல். 07 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப். சி என்றால் 289 கன அங்குல வி8 இன்ஜின். நடுவில் இருக்கும் 'ஆர்', சான் ஹோசே ஆலை. அதாவது நேற்று நான் சட்டை வாங்கிய மால்! டெட்ராய்ட் பக்கம் செய்திருந்தால் அந்த இடத்தில் 'எஃப்' இருந்திருக்குமாம்.

அக்காவுக்கு இந்த எழுத்துகளில் எல்லாம் மயக்கம் இல்லை. அவள் கவலை வேறு. மகளுக்கு 16 வயது. லைசென்ஸ் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். "இந்த காரில்தான் கத்துப்பேன்" என்று அடம். அக்கா விரல் விட்டு எண்ணினாள்: ஏர்பேக் கிடையாது. தோளில் மாட்டும் பெல்ட் கிடையாது, இடுப்புப் பட்டை மட்டும்தான். மோதினால் உள்வாங்கும் ஸ்டீயரிங் தண்டு 1967-ல்தான் வந்தது. டிக்கியின் தரையே பெட்ரோல் டேங்கின் மேல்தகடு. "முன்பக்கம் வேற கிரீச் கிரீச்னு சத்தம் போடுது. முதல்ல அதைச் சரி பண்ணுங்க, அப்புறம் பேசலாம்." நான் போய் இறங்கிய வாரம், அந்த கிரீச் சத்தத்துக்கு வைத்தியம் நடக்கவிருந்த வாரம்.

மூடி இல்லாத பெட்டி

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமானது. ஆரம்ப விலை 2,368 டாலர். இளைஞர்கள் வாங்கும் விலையில் ஸ்டைலான கார் வேண்டும் என்பது திட்டம். அதனால் புதிதாக எல்லாவற்றையும் செய்யாமல், ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த ஃபால்கன் என்ற சிக்கனமான குடும்பக் காரின் அடித்தளத்தை எடுத்துக்கொண்டார்கள். லாரிக்கு இருப்பதுபோலத் தனியாக ஒரு சேஸிஸ் இதற்கு இல்லை. தகடுகளை வளைத்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து, உடம்பையே எலும்பாகவும் ஆக்கிவிட்டார்கள்.

இப்போது முன்பக்கத்தைக் கவனியுங்கள். இன்ஜினின் இரண்டு பக்கமும் தகட்டால் ஆன இரண்டு கோபுரங்கள் நிற்கும். ஷாக் டவர் என்று பெயர். பெரிய சுருள் ஸ்பிரிங் மேல் கையின் மீது உட்கார்ந்து, தலையால் இந்தக் கோபுரத்தை முட்டுகிறது. முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அடி நேராகக் கோபுரத்தின் உச்சிக்குப் போகும். நடுவில் கனமான இன்ஜின் வேறு. கோபுரங்களுக்கு உள்பக்கமாகச் சாயத்தான் ஆசை.

வீட்டில் ஒரு ஷூ பெட்டியை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுகும். மூடியைப் போட்டுவிட்டு முறுக்குங்கள், முறுகாது. பானெட் மூடி அல்ல, அது வெறும் கீலில் தொங்கும் கதவு. ஆக, மஸ்டாங்கின் முன்பக்கம் மூடி இல்லாத ஷூ பெட்டி. ஃபோர்டுக்கும் இது தெரியும். அதனால் கோபுரத்திலிருந்து பின்னால் இருக்கும் நடுச்சுவருக்கு, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு தகட்டுத் தாங்கிகள் கொடுத்திருந்தார்கள். இரண்டும் தனித்தனி, லேசானவை.

சுவாரஸ்யம் இங்கேதான். வெளிநாடுகளுக்குப் போகும் கார்களுக்கு, அந்த ஊர்ச் சாலைகள் எப்படி இருக்குமோ என்று, இரண்டு தாங்கிகளையும் இணைத்து ஒரே துண்டாக, இன்னும் கனமாக ஒன்றைப் போட்டார்கள். அதனாலேயே அதற்கு 'எக்ஸ்போர்ட் பிரேஸ்' என்று பெயர். உள்ளூர்க்காரனுக்கு லேசானது, வெளியூர்க்காரனுக்குக் கெட்டியானது! நம் ஊரில் 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' என்று சொல்லி விற்கும் பனியன் ஞாபகத்துக்கு வரவில்லையா?

கோபுரங்களுக்குச் சற்று முன்னால், இடமிருந்து வலமாக இன்ஜினுக்குக் குறுக்கே போடும் இன்னொரு கம்பிக்கு 'மான்டி கார்லோ பார்' என்று பெயர். மான்டி கார்லோ ராலியில் ஓடிய ஃபால்கன்களிலிருந்து வந்த பெயர் இது. 1964 ராலியில் போ லியுங்ஃபெல்ட் ஓட்டிய ஃபால்கன் இரண்டாவது இடம் பிடித்தது. முதலிடம் ஒரு குட்டி மினி கூப்பருக்கு! அடுத்த வருஷம் கரோல் ஷெல்பி, இதே சான் ஹோசே ஆலையிலிருந்து வெள்ளை மஸ்டாங்குகளை லாஸ் ஏஞ்சலீஸுக்கு வரவழைத்து, பந்தயத்துக்கு ஏற்ற ஜிடி350-களாக மாற்றினார். அவற்றில் இந்த இரண்டு தாங்கிகளும் இருந்தன. 1965-ல் அவர் செய்தது 562 கார்கள். இன்றைக்கு அவற்றின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் அந்த இரண்டு தாங்கிகளைப் போலவே இன்று செய்து விற்கும் புதியவை, இரண்டும் சேர்த்து 200 டாலருக்குள் அத்தானுக்குக் கிடைத்துவிட்டன.

முதலில் தண்ணீர்

பார்சல் வந்த அன்றே மாட்டிவிடலாம் என்றுதான் அத்தான் நினைத்தாராம். சான் ஹோசேயில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர் தடுத்துவிட்டார். "தாங்கியை எதில் மாட்டப் போகிறாய்?" என்று அவர் கேட்டது, நியாயமான கேள்வி.

தாங்கியின் பின்முனை சேர்வது, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கௌல் என்ற பெட்டித் தகட்டில். காற்று உள்ளே வர மேலே துளைகள் இருக்கும். அதன் வழியாக மழைநீரும் இறங்கும், காய்ந்த இலைகளும் போகும். இலை தேங்கினால் ஈரம் தேங்கும். உள்ளே இருந்தே துரு தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளம். அப்பளத்தில் எஃகுக் கம்பியை மாட்டி என்ன பயன்? முதல் பெரிய பள்ளத்திலேயே தகடு கிழிந்து வந்துவிடும்.

சோதனை எளிது. ஒருவர் மேலே துளைகளில் தண்ணீர் ஊற்ற வேண்டும், இன்னொருவர் டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சோடு படுக்க வேண்டும். படுத்தது மகள். அரைக் குடம் போவதற்குள், "அப்பா, மழை!" என்று கத்தியிருக்கிறாள். பிறகு புள்ளி வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து, மேல்தகட்டைக் கழற்றி, அழுகிய பகுதியை வெட்டிப் புதுத் தகடு வைத்து முடிக்க நான்கு மாதம். 200 டாலர் சாமானுக்காக அதைப்போல் பல மடங்கு செலவு. வலது கோபுரத்தின் கிரீஸைச் சுரண்டியபோது, மேல் கை பொருந்தும் இடத்துக்குப் பக்கத்தில் முடி அளவு விரிசலும் தெரிந்தது. அந்த கிரீச் சத்தத்தில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். அதையும் வெல்டிங் செய்தார்கள். என்னைக் கேட்டால், இந்த வேலையின் முக்கால்வாசி இதுதான். கம்பி மாட்டுவது கடைசி நாள் கல்யாணச் சாப்பாடு மாதிரி.

பிறையிலிருந்து பௌர்ணமி

அந்தச் சாப்பாட்டுக்குத்தான் நான் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை காலை. காரின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடிச்சட்டத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்தோம். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. கோபுரங்களின் மேலிருந்த பாரம் இறங்கிவிட்டது. பழைய தாங்கிகளின் போல்ட்டுகளுக்கு முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருந்தார் அத்தான். அப்படியும் ஒன்று வர மறுத்து, அரை மணி நேரம் தின்றது.

புதுத் தாங்கியைத் தூக்கி வைத்தோம். பின்பக்க போல்ட்டுகளை முழுசாக முறுக்காமல் லேசாகப் பிடித்துவைத்தோம். இடது கோபுரத்தின் துளைகள் சரியாக உட்கார்ந்தன. வலது பக்கம் உட்காரவில்லை. ஏறக்குறைய அரை அங்குலம் விலகல். தாங்கி தவறு இல்லை, கோபுரம்தான் அத்தனை வருஷத்தில் உள்ளே சாய்ந்துவிட்டது. துளையைப் பெரிதாக்கி மாட்டிவிடலாம்தான். அப்படிச் செய்தால் கோணலைக் கோணலாகவே இறுக்கிப் பூட்டியதாகிவிடும் என்று பெரியவர் முன்னமே எச்சரித்திருந்தார்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்கு மேலாக இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் ஒரு கனமான மரக்கட்டையையும் பாட்டில் ஜாக்கியையும் படுக்க வைத்தார் அத்தான். ஒரு அழுத்து, நிறுத்தம். இன்னொரு அழுத்து, நிறுத்தம். மகள் டார்ச்சை வைத்துக்கொண்டு துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இங்க பாருங்க, நிலா!" தாங்கியின் துளைக்குப் பின்னால் கோபுரத்தின் துளை முதலில் மெல்லிய பிறையாகத் தெரிந்தது. அப்புறம் அரைநிலா. தகடு ஒருமுறை 'டங்' என்று முனகியது. எல்லோரும் பின்வாங்கினோம். அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். கடைசி அழுத்தில் முழுநிலா. போல்ட் விரலாலேயே இறங்கியது.

மான்டி கார்லோ பார் மாட்டப் பத்து நிமிடம்தான். அதில் வளைந்தது, நேரானது என்று இரண்டு வகை. ஏர் ஃபில்டரை இடிக்காமல் இருக்கப் பலர் வளைந்ததை வாங்குவார்களாம். அத்தான் நேரானதையே வாங்கி, அதற்கு ஏற்ற உயரம் குறைந்த ஏர் ஃபில்டரையும் தேடிப் பிடித்திருந்தார். வளைந்த கம்பி அழுத்தினால் இன்னும் கொஞ்சம் வளையும், நேர்க்கம்பிதான் எதிர்த்து நிற்கும். பள்ளிக்கூடக் கணக்குதான்.

கோபுரம் நகர்ந்ததால் சக்கரங்களின் சாய்வும் மாறியிருக்கும். எனவே திங்கட்கிழமை வீல் அலைன்மென்ட். அதைச் செய்யாமல் ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டீயரிங் இழுக்கும்.

செவ்வாய் மாலை கலாவெராஸ் சாலையில் போனோம். மலையில் ஏறி நீர்த்தேக்கத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகும் குறுகலான பாதை. பந்தயக் கார் ஆகிவிட்டது என்றெல்லாம் சொன்னால் பொய். முன்பு சின்னப் பள்ளத்துக்கே பானெட்டின் ஓரம் நடுங்கும் என்றார்கள், இப்போது நடுங்கவில்லை. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு கார் யோசித்துத் திரும்புகிற அந்தத் தாமதம் குறைந்திருக்கிறது என்றார் அத்தான். கிரீச் சத்தம் சுத்தமாக இல்லை. திரும்பி வரும்போது அக்கா ஓட்டினாள்.

வீட்டு வாசலில் நிறுத்தினாள். "ஸ்டீயரிங் நல்லா இருக்குங்க" என்றாள். அத்தான் முகம் மலர்ந்தது. "ஆனா நீங்க மாட்டின கம்பி, எதிர்ல ஒருத்தன் வந்து மோதினா என் பொண்ணைக் காப்பாத்துமா?"

காப்பாற்றாது. அதை அத்தானும் மறைக்கவில்லை. கோபுரம் சாயாமல், தகடு விரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தத் தாங்கியின் வேலை. 1966 மஸ்டாங்கில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் சுற்றுதான். ஓரிடத்தில் எண்ணெய் கசிந்தால் நான்கும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரித்த சிலிண்டர் அடுத்த வருஷ மாடலில்தான் வந்தது. இரட்டை பிரேக் சிலிண்டர், தோள் பெல்ட், இரண்டும் வந்தபிறகு காலியான இடத்தில் ஓட்டிப் பழகலாம், லைசென்ஸ் டெஸ்ட் அக்காவின் டொயோட்டாவில்தான் என்று அன்று ராத்திரி தோசைக்கு நடுவே உடன்படிக்கை ஆனது. மகளுக்குப் பாதி சந்தோஷம்.

நான் சென்னை திரும்பிவிட்டேன். போன வாரம் அத்தான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பிரேக் சிலிண்டர் பார்சல். பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பது அக்கா.